பேரரசப் பென்குயினின் குளிர்கடல் தகவமைப்புகள்

பேரரசப் பென்குயின் என்பது அண்டார்டிகாவில் வாழும் பறக்க இயலாத கடற்பறவை ஆகும். இன்று வாழும் பென்குயின் இனங்களில் உயரத்திலும் எடையிலும் இதுவே பெரியது. இதன் அறிவியல் பெயர் ஆப்டெனோடைட்டெஸ் ஃபார்ஸ்டெரி. கேப்டன் குக்கின் இரண்டாவது கடற்பயணத்தில் இயற்கையாளராகச் சென்ற யோகான் ரெயின்ஹோல்ட் ஃபார்ஸ்டரின் நினைவாக, 1844-இல் இப்பெயர் இடப்பட்டது. வளர்ந்த பறவை 100 முதல் 120 செ.மீ. உயரமும், பருவத்துக்கு ஏற்ப 22 முதல் 45 கிலோ எடையும் கொண்டிருக்கும்.

பிற பறவைகள் கோடைக்காலத்தைப் பார்த்துக் குஞ்சு பொரிக்கும்போது, இப்பறவை அண்டார்டிகாவின் கடுங்குளிர் காலத்தில் பனியின்மேல் நின்றபடியே அடைகாக்கிறது. உறைநிலைக்கு அருகிலுள்ள கடலில் மூழ்கி இரை தேடுகிறது. ஒரு வெப்பக்குருதி உயிரி இப்படி வாழ என்னென்ன உடலமைப்பும் நடத்தையும் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அந்தத் தகவமைப்புகளே இன்று இப்பறவைக்கு ஏன் சிக்கலாகவும் மாறியுள்ளன என்பதைக் கடைசிப் பகுதியில் காணலாம்.

வாழிடமும் உறவினங்களும்

உலகில் சுமார் 18 வகைப் பென்குயின்கள் உள்ளன. எல்லாமே தென் அரைக்கோளத்தைச் சேர்ந்தவை. நிலநடுக்கோட்டை ஒட்டிய கலாபகசுத் தீவுகளில் வாழும் பென்குயின்களில் சில மட்டுமே கோட்டுக்குச் சற்று வடக்கேயும் காணப்படுகின்றன. பென்குயின் என்றாலே பனிக்கட்டி நினைவுக்கு வந்தாலும், தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி, பெரு ஆகிய நாடுகளின் கரைகளிலும் பென்குயின்கள் உண்டு. அண்டார்டிகாவின் நிலத்திலும் பனியிலும் இனப்பெருக்கம் செய்பவை சில இனங்களே. அவற்றிலும் குளிர்காலத்தில் அடைகாப்பது பேரரசப் பென்குயின் ஒன்றுதான்.

இதன் இனப்பெருக்கக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை நிலத்தில் இல்லை. கரையோடு ஒட்டி உறைந்து நிற்கும் கடற்பனியின்மேல் உள்ளன. அதாவது, பல பறவைகள் தம் வாழ்நாளில் மண்ணை மிதிக்காமலேயே இருந்துவிடக்கூடும். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் முடிவில் இது மீண்டும் வரும்.

குளிர்நீர் ஏன் கடினம்?

சூடான காபி உள்ள டம்ளரை மேசைமேல் வைத்தால் ஆறுவதற்கு நேரம் எடுக்கும். அதே டம்ளரைத் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். காரணம், காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. எனவே, ஒரே வெப்பநிலை என்றாலும் குளிர்ந்த காற்றைவிடக் குளிர்ந்த நீர் உடலிலிருந்து மிக வேகமாக வெப்பத்தை எடுத்துவிடும்.

கடல்நீரில் உப்பு இருப்பதால் அது 0° செல்சியசில் உறைவதில்லை, சுமார் −1.9° செல்சியசில்தான் உறைகிறது. அண்டார்டிகாவைச் சூழ்ந்த கடல்நீர் பல இடங்களில் இந்த அளவுக்கு அருகிலேயே இருக்கிறது. பென்குயினின் உள்ளுடல் வெப்பநிலையோ சுமார் 38° செல்சியஸ். ஆக, உடலுக்கும் நீருக்கும் இடையே ஏறத்தாழ 40 பாகை வேறுபாடு. நிலத்திலும் நிம்மதி இல்லை. குளிர்காலத்தில் காற்றின் வெப்பநிலை −40° செல்சியசுக்குக் கீழே இறங்கும். அதோடு பலத்த காற்றும் வீசும்.

இந்த நிலையில் உயிர் வாழ இரண்டு வழிகள் உண்டு. நிறைய உண்டு, நிறைய வெப்பத்தை உண்டாக்குவது ஒன்று. உண்டாக்கிய வெப்பத்தை வெளியேற விடாமல் காப்பது மற்றொன்று. மாதக்கணக்கில் உணவின்றி நிற்கவேண்டிய பேரரசப் பென்குயினுக்கு முதல் வழி போதாது. அதன் உடலமைப்பில் பெரும்பகுதி இரண்டாவது வழிக்கானது.

உடலின் அளவும் வடிவமும்

ஒரு பொருள் பெரிதாகும்போது அதன் பருமன் கூடும் வேகத்துக்குப் பரப்பளவு கூடுவதில்லை. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பளவு 6 சதுர செ.மீ., பருமன் 1 கன செ.மீ. பக்கத்தை 2 செ.மீ. ஆக்கினால் பரப்பளவு 24, பருமன் 8. முதலாவதில் ஒரு கன செ.மீ.க்கு 6 சதுர செ.மீ. பரப்பு, இரண்டாவதில் 3 மட்டுமே. வெப்பம் உண்டாவது உடலின் பருமனில்; வெளியேறுவது பரப்பின் வழியாக. ஆகவே, பெரிய உடல் தன் எடையோடு ஒப்பிடும்போது குறைவாகவே வெப்பத்தை இழக்கிறது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கரைகளில் வாழும் சின்னப் பென்குயின் ஒன்றரைக் கிலோ அளவுக்கே இருக்க, அண்டார்டிகாவின் பேரரசப் பென்குயின் அதைப்போல இருபது, முப்பது மடங்கு எடையுள்ளதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், இதன் அலகு, கால், துடுப்புச் சிறகு ஆகிய நீட்சிகள் உடலின் அளவோடு ஒப்பிட்டால் சிறியவை. நீண்ட, மெல்லிய உறுப்புகளின் வழியே வெப்பம் எளிதில் வெளியேறும் என்பதால், நீட்சிகள் சிறியவையாக இருப்பது நன்மையே.

இறகுப் போர்வை

பென்குயினின் முதன்மையான கவசம் அதன் இறகுகள். நிலத்தில் நிற்கும்போது வெப்பக் காப்பில் பெரும்பகுதி இவற்றிலிருந்தே கிடைக்கிறது.

வெளியே தெரியும் இறகுகள் குட்டையானவை, விறைப்பானவை, ஓட்டு வீட்டின் ஓடுகளைப்போல ஒன்றின்மேல் ஒன்று படிந்தவை. காற்றும் நீரும் உள்ளே புகாமல் இவை தடுக்கின்றன. வால் அருகிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெயை எடுத்துப் பறவை இறகுகளில் பூசிக்கொள்கிறது. அதனால் நீர் ஒட்டாமல் வழிந்துவிடுகிறது.

பென்குயினுக்கே உலகில் மிக அடர்த்தியான இறகுகள் உள்ளன என்று பல நூல்களில் நெடுங்காலமாக எழுதப்பட்டு வந்தது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் இறகுகளை எண்ணிப் பார்த்தபோது, வெளி இறகுகள் ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 9 மட்டுமே இருந்தன. இது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. ஆனால், அவற்றுக்கு அடியில், தோலோடு ஒட்டி, அதுவரை பெரிதாகக் கவனிக்கப்படாத நுண்ணிய தூவிகள் வெளி இறகுகளைப்போல நான்கு மடங்கு இருந்தன. அதோடு, ஒவ்வொரு வெளி இறகின் அடியிலும் பஞ்சுபோன்ற துணை இறகு ஒன்றும் உண்டு. ஆக, வெளி இறகு கூரை என்றால், உள்ளே இருக்கும் தூவிகளே மெத்தை. அந்த மெத்தையில் அசையாமல் சிக்கியிருக்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. பஞ்சுப் போர்வை நமக்குக் கதகதப்பைத் தருவதும் இதே முறையில்தான். பஞ்சு சூட்டை உண்டாக்குவதில்லை. காற்றைப் பிடித்து வைத்து, நம் உடற்சூட்டை வெளியே விடாமல் காக்கிறது.

இந்தப் போர்வை எவ்வளவு திறமையானது? 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், வெப்பத்தைப் படம்பிடிக்கும் கருவியால் பேரரசப் பென்குயின்களைப் படம் எடுத்தனர். இறகுப் பரப்பின் பெரும்பகுதி சுற்றியிருந்த காற்றைவிடவும் சில பாகை குளிர்ச்சியாக இருந்தது. தெளிந்த வானத்தை நோக்கி இறகுப் பரப்பு வெப்பத்தைக் கதிர்வீசி இழக்கிறது; உள்ளிருந்து அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்கு வெப்பம் மேலே வருவதில்லை. அதனால் மேற்பரப்பு மட்டும் குளிர்ந்துபோகிறது. சில செ.மீ. உள்ளே உடல் 38° செல்சியசில் இருக்கிறது!

கொழுப்பு அடுக்கு

தோலுக்கு அடியில் தடித்த கொழுப்பு அடுக்கு உள்ளது. இனப்பெருக்கக் காலம் தொடங்கும்முன் இது 2 முதல் 3 செ.மீ. வரை தடித்திருக்கும். இதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, வெப்பக் காப்பு. ஆழத்தில் நீரின் அழுத்தம் இறகுகளிடையே உள்ள காற்றை நசுக்கிவிடும்; கொழுப்பு அப்படி நசுங்குவதில்லை. எனவே, இறகின் காப்பு குறையும் இடத்தில் கொழுப்பு கைகொடுக்கிறது. மற்றொன்று, சேமிப்பு. உணவு கிடைக்காத மாதங்களில் பறவை இந்தக் கொழுப்பைச் செலவழித்தே உயிர் வாழ்கிறது.

பாதம் ஏன் உறைவதில்லை?

மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. உடலெல்லாம் இறகு இருக்கிறது, சரி. பனிக்கட்டியின்மேல் வெறுங்காலோடு நிற்கிறதே, பாதம் உறைந்துபோகாதா?

இதயத்திலிருந்து சூடான குருதியைக் கொண்டுசெல்லும் தமனிகளும், பாதத்திலிருந்து குளிர்ந்த குருதியைத் திரும்பக் கொண்டுவரும் சிரைகளும் காலில் நெருக்கமாக ஒட்டி அமைந்துள்ளன. கீழே இறங்கும் சூடான குருதி, பக்கத்தில் மேலேறும் குளிர்ந்த குருதிக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. அதனால் பாதத்தைச் சேரும்போது குருதி ஏற்கெனவே குளிர்ந்திருக்கும். பனிக்கு இழக்க அதிகம் இருக்காது. உடலுக்குத் திரும்பும் குருதியோ சூடேறியிருக்கும்; உள்ளுறுப்புகள் குளிர்வதில்லை. இரு திரவங்கள் எதிரெதிர்த் திசையில் ஓடும்போது நடக்கும் இந்தச் செயலுக்கு எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம் என்று பெயர். துடுப்புச் சிறகுகளிலும் இதேபோன்ற குருதிக்குழாய் வலை உள்ளது.

இதன் விளைவாகப் பாதம் உறைநிலைக்கு ஓரிரு பாகை மேலே, உறையாமலும் வீணாகச் சூடாகாமலும் இருக்கிறது. குளிர் மிகுந்தால் குருதிக்குழாய்கள் சுருங்கி ஓட்டத்தைக் குறைக்கும். பாதம் உறையும் நிலை வந்தால் ஓட்டத்தைக் கூட்டும். பாதத்தை அசைக்கும் தசைகளில் பெரும்பகுதி உடலோடு ஒட்டிய கதகதப்பான மேற்காலில் இருந்து, தசைநாண்களால் விரல்களை இயக்குகின்றன. கடுங்குளிரில் பறவை குதிகால்களிலும் விறைப்பான வால் இறகுகளிலும் உடலைத் தாங்கி, விரல்களைத் தூக்கிக்கொண்டு நிற்பதும் உண்டு. பனியோடு தொடும் பரப்பை அது இப்படிக் குறைத்துக்கொள்கிறது.

மூச்சிலும் சிக்கனம் உண்டு. உள்ளிழுக்கும் குளிர்காற்று மூக்குப் பாதையின் சுவர்களைக் குளிரவைக்கிறது. நுரையீரலிலிருந்து வெளிவரும் சூடான, ஈரமான காற்று அந்தக் குளிர்ந்த சுவர்களில் பட்டு, தன் வெப்பத்தையும் ஈரத்தையும் விட்டுச்செல்கிறது. மூச்சோடு போயிருக்கவேண்டிய வெப்பத்தின் பெரும்பகுதி இவ்வாறு மீட்கப்படுகிறது.

கடலுக்குள்

பென்குயின் பறப்பதில்லை என்பது முழு உண்மை அன்று. அது நீருக்குள் பறக்கிறது. அதன் சிறகுகள் தட்டையான, விறைப்பான துடுப்புகளாக மாறியுள்ளன. பறக்கும் பறவைகளின் எலும்புகளில் பல உள்ளீடற்றவை; பென்குயினின் எலும்புகளோ கெட்டியானவை, கனமானவை. எனவே மூழ்குவது எளிதாகிறது. இரு முனையும் கூம்பிய உடல், நீரின் தடையைக் குறைக்கிறது. கால்கள் உடலின் கடைசியில் அமைந்து, சுக்கான்போலப் பயன்படுகின்றன. நிலத்தில் அது நிமிர்ந்து தத்தித்தத்தி நடப்பதற்கும் இதுவே காரணம்.

பேரரசப் பென்குயின் மீன், கணவாய், கூனி இறாலைப் போன்ற கிரில் ஆகியவற்றைத் தின்கிறது. பெரும்பாலான மூழ்கல்கள் 3 முதல் 6 நிமிடமும் 200 மீட்டருக்குள்ளும் அமையும். ஆனால், பறவையின்மேல் பொருத்திய கருவிகள் 564 மீட்டர் ஆழத்தையும், வேறொரு முறை 32 நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தையும் பதிவு செய்துள்ளன. வேறெந்தப் பறவையிடமும் இத்தகைய மூழ்கல் அறியப்படவில்லை.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 500 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல சுமார் 51 மடங்கு. இதைத் தாங்கவும், நீண்டநேரம் மூச்சின்றி இருக்கவும் கீழ்க்காணும் தகவமைப்புகள் உதவுகின்றன.

தசையில் சேமிப்பு: மயோகுளோபின் என்னும் புரதம் தசைகளில் மிகுதியாக உள்ளது. இது ஆக்சிசனைப் பிடித்து வைக்கிறது. பென்குயினின் தசை கருஞ்சிவப்பாகத் தெரிவது இதனால்தான்.

குருதியின் திறன்: இதன் ஈமோகுளோபின், ஆக்சிசன் குறைந்த நிலையிலும் அதை நன்கு பற்றக்கூடியது. இருப்பில் உள்ள ஆக்சிசன் ஏறத்தாழ முழுவதும் பயன்பட்டுவிடுகிறது.

இதயத் துடிப்பைக் குறைத்தல்: நீண்ட மூழ்கல்களில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 10-க்கும் கீழே இறங்கியது பதிவாகியுள்ளது. பல உறுப்புகளுக்குச் செல்லும் குருதி குறைக்கப்பட்டு, இன்றியமையாத இடங்களுக்கே செல்கிறது.

கடன் வாங்கும் வேலை: சுமார் ஐந்தரை நிமிடத்துக்குமேல் மூழ்கியிருந்தால் ஆக்சிசனின்றி ஆற்றல் எடுக்கவேண்டி வருகிறது, குருதியில் லாக்டிக் அமிலம் கூடுகிறது. அந்தக் கடனை மேலே வந்து ஓய்வெடுத்துத் தீர்க்க வேண்டும்.

பனிக்கட்டியின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும். கையில்லாத பறவை அதில் எப்படி ஏறும்? வேகமாக மேல்நோக்கி நீந்தி, நீரிலிருந்து எகிறிக் குதிக்கிறது. அப்போது இறகுகளில் அடைபட்ட காற்று நுண்குமிழிகளாக வெளிவந்து உடலைச் சூழ்ந்துகொள்கிறது. குமிழிப் படலம் நீரின் உராய்வைக் குறைப்பதால் வேகம் கூடுகிறது. வெப்பத்தைக் காத்த அதே காற்று, இங்கே வேகத்துக்கும் உதவுகிறது.

கடல்வாழ்வுக்கு வேறு வசதிகளும் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. இரையோடு உள்ளே போகும் மிகை உப்பை, கண்களுக்கு மேலுள்ள சுரப்பிகள் குருதியிலிருந்து பிரித்தெடுக்கின்றன. அது உப்புநீராக அலகின் வழியே சொட்டுகிறது. கருவிழிப் படலம் தட்டையாக இருப்பதால் நீரிலும் காற்றிலும் பார்வை தெளிவாக உள்ளது. முதுகின் கருமை, மேலிருந்து பார்ப்பவருக்கு ஆழ்கடலின் இருளோடு கலந்துவிடும். வயிற்றின் வெண்மை, கீழிருந்து பார்ப்பவருக்கு மேலே தெரியும் ஒளியோடு கலந்துவிடும். சிறுத்தைச் சீல், கொலைத் திமிங்கிலம் போன்ற பகைவர்களிடமிருந்தும், இரையின் கண்ணிலிருந்தும் மறைய இது உதவுகிறது.

குளிர்கால அடைகாப்பு

மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடற்பனி உறையத் தொடங்கியதும் பறவைகள் குடியிருப்புக்கு நடந்து வருகின்றன. மே, சூன் மாதங்களில் பெண் ஒரே ஒரு முட்டை இடும். முட்டையின் எடை சுமார் 450 கிராம். கூடு கட்ட அங்கே குச்சியும் இல்லை, கல்லும் இல்லை. பெண் தன் பாதங்களின் மேலிருந்த முட்டையை ஆணின் பாதங்களுக்கு மாற்றிவிட்டு, இழந்த உடல்வலுவை மீட்கக் கடலுக்குப் போய்விடும். மாற்றும்போது முட்டை பனியில் உருண்டு சிறிதுநேரம் கிடந்தாலே கரு உறைந்துவிடும்.

ஆண் பறவை முட்டையைப் பாதங்களின்மேல் ஏந்தி, அடிவயிற்றின் தோல் மடிப்பால் மூடிக்கொள்கிறது. கோழி அடைகாக்கும்போது வயிற்றில் இறகற்ற சூடான பகுதி முட்டையோடு ஒட்டியிருக்குமே, அதேபோல இந்த மடிப்பின் உள்ளேயும் இறகற்ற, குருதியோட்டம் மிகுந்த தோல் உள்ளது. வெளியே −40°, மடிப்புக்குள் உடற்சூடு. இப்படியே சுமார் 64 நாட்கள்.

இந்தக் காலம் முழுவதும் ஆணுக்கு உணவு இல்லை. துணை தேடும் நாட்களையும் சேர்த்தால் அதன் நோன்பு ஏறத்தாழ 115 நாட்கள். 38 கிலோவாக வந்த பறவை 23 கிலோவாக இளைத்துவிடக்கூடும். குஞ்சு பொரிக்கும் நேரத்தில் தாய் திரும்பவில்லை என்றால், தன் உணவுக்குழாயில் சுரக்கும் பால்போன்ற நீர்மத்தைச் சில நாட்களுக்குத் தந்தை குஞ்சுக்கு ஊட்டும். நூறு நாட்களுக்குமேல் உண்ணாத உடலிலிருந்து வரும் உணவு அது.

கூட்டமாக ஒட்டி நிற்றல்

தனியே நின்றால் கொழுப்பு விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே ஆண் பறவைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாக நிற்கின்றன. நெருக்கமான கூட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்துப் பறவைகள் வரை நிற்கும். உள்ளே வெப்பநிலை 37° செல்சியசைத் தொட்டதும் உண்டு.

நடுவில் நிற்கும் பறவைக்குக் கதகதப்பு. ஓரத்தில் நிற்கும் பறவைக்குக் காற்று. எப்போதும் ஒரே பறவை ஓரத்தில் நிற்கவேண்டுமா? இல்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், கூட்டத்தை இடைவெளி விட்டுத் தொடர்ந்து படமெடுத்துப் பார்த்தனர். 30 முதல் 60 நொடிகளுக்கு ஒருமுறை ஒரு பறவை 5 முதல் 10 செ.மீ. நகர, அடுத்தது நகர, அசைவு அலைபோலக் கூட்டம் முழுதும் பரவுவது தெரிந்தது. காற்று வீசும் பக்கத்தில் நிற்பவை மெல்லக் கூட்டத்தின் பக்கவாட்டில் நகர்ந்து, காற்று மறைவான பக்கத்தில் சேர்ந்துகொள்கின்றன. இவ்வாறு ஓரமும் நடுவும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இதற்குத் தலைவனும் இல்லை, கட்டளையும் இல்லை. ஒவ்வொன்றும் தன் வெப்பத்தைக் காக்க முயல்வதிலிருந்தே எல்லாருக்கும் பங்கு கிடைக்கிறது. பிற பென்குயின்கள் தம் கூட்டுக்கு அருகே யாரையும் அண்டவிடாமல் கொத்தித் துரத்தும். கூடில்லாமல் முட்டையைச் சுமந்துகொண்டே நகரக்கூடிய பேரரசப் பென்குயினுக்குத்தான் இப்படி நிற்பது சாத்தியம்.

குஞ்சும் இறகுதிர்ப்பும்

பொரித்த குஞ்சின்மேல் சாம்பல்நிறத் தூவி மட்டுமே இருக்கும். அது காற்றில் கதகதப்பைத் தரும், நீரில் நனைந்துவிடும். நீர்புகா இறகுகள் முளைக்க டிசம்பர், சனவரி வரை ஆகும். அதுவரை குஞ்சின் காலடியில் பனி உறுதியாக இருந்தாக வேண்டும்.

வளர்ந்த பறவைக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இதே நிலை வரும். பழைய இறகுகள் தேய்ந்து காப்புத்திறன் குறைவதால், அவை அனைத்தும் ஒரே காலத்தில் உதிர்ந்து புதியவை முளைக்கின்றன. பேரரசப் பென்குயினுக்கு இது ஒரு மாதத்துக்குச் சற்று மேல் நீடிக்கும். அந்த நாட்களில் அது கடலில் இறங்க இயலாது. எனவே மீண்டும் ஒரு நோன்பு, மீண்டும் பனித்தரை தேவை.

குளிருக்கு முன்பே கிடைத்த கருவிகள்

இத்தனை தகவமைப்புகளையும் படிக்கும்போது, பென்குயின் அண்டார்டிகாவுக்காகவே படைக்கப்பட்டது என்று தோன்றும். புதைபடிவங்கள் வேறு கதையைச் சொல்கின்றன. நியூசிலாந்தில் கிடைத்த வைமானு என்னும் பென்குயினின் புதைபடிவம் ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகள் பழையது. அப்போதே அது பறக்கும் திறனை இழந்து, மூழ்கும் பறவையாக இருந்தது. அண்டார்டிகாவில் பெரும் பனிப்படலம் உருவானது சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதாவது, பென்குயின் முதலில் கடலுக்குப் பழகியது; கடுங்குளிருக்குப் பழகியது பிறகு.

துடுப்புச் சிறகிலுள்ள எதிரோட்டக் குருதிக்குழாய் வலையின் தடமும், உலகம் இன்றைவிட வெப்பமாக இருந்த காலத்துப் புதைபடிவ எலும்புகளில் தெரிகிறது. மிதமான கடலிலும் நீண்டநேரம் நீந்தினால் உடல் குளிரும். அதைத் தடுக்கத் தோன்றிய அமைப்பு, பிற்காலத்தில் பனியில் வாழவும் பயன்பட்டது. தகவமைப்பு என்பது முன்கூட்டித் தீட்டிய திட்டம் அன்று. சற்றுச் சிறப்பாகத் தாக்குப்பிடித்தவை அதிகக் குஞ்சுகளை விட்டுச்சென்றதால், பல்லாயிரம் தலைமுறைகளில் சேர்ந்த சிறுமாற்றங்களின் தொகுப்பு அது.

மூன்று முட்டைகளுக்காக ஒரு பயணம்

இப்பறவையின் குளிர்கால வாழ்வை மனிதன் நேரில் காணச் சென்ற முதல் முயற்சிகளில் ஒன்று புகழ்பெற்றது. இராபர்ட் இசுகாட்டின் அண்டார்டிகப் பயணக்குழுவைச் சேர்ந்த எட்வர்ட் வில்சன், என்றி பவர்ஸ், ஆப்சிலி செரி-கேரார்ட் ஆகிய மூவர், 1911-ஆம் ஆண்டு சூன் இறுதியில் குரோசியர் முனைக்குப் புறப்பட்டனர். பேரரசப் பென்குயினின் கருவை ஆராய்ந்தால் ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் உள்ள தொடர்பு தெரியவரும் என்று அன்று கருதப்பட்டது. நடுக்குளிர்கால இருட்டில், −60° செல்சியஸ் வரை இறங்கிய குளிரில், ஐந்து வாரங்கள் அலைந்து ஐந்து முட்டைகளை எடுத்தனர். இரண்டு உடைந்தன, மூன்று மிஞ்சின. அடுத்த ஆண்டு தென்முனையிலிருந்து திரும்பும் வழியில் வில்சனும் பவர்சும் இசுகாட்டுடன் இறந்தனர். செரி-கேரார்ட் அந்த மூன்று முட்டைகளையும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். அவற்றை முழுமையாக ஆராய்ந்து முடித்தபோது, அந்தக் கருத்தையே அறிவியல் கைவிட்டிருந்தது. மனிதன் தோலாடையும் உறக்கப்பையும் கொண்டு ஐந்து வாரம் தாங்கிய அதே குளிரில், பறவை ஒவ்வோர் ஆண்டும் நான்கு மாதம் நிற்கிறது.

பனி உருகினால்

இனி, முதலில் சொன்ன செய்திக்கு வருவோம். இப்பறவையின் வீடு கடற்பனி. அது மார்ச், ஏப்ரலில் உறைந்து, குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும் டிசம்பர் வரை உடையாமல் இருக்க வேண்டும்.

வெட்டல் கடலோரத்தில் உள்ள ஹாலி விரிகுடாக் குடியிருப்பு, உலகின் இரண்டாவது பெரிய பேரரசப் பென்குயின் குடியிருப்பாக இருந்தது. 2016-இல் அங்கே கடற்பனி புயலில் முன்கூட்டியே உடைந்து, அந்த ஆண்டின் குஞ்சுகள் ஏறத்தாழ அனைத்தும் அழிந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அங்கு இனப்பெருக்கம் வெற்றிபெறவில்லை. பல பறவைகள் தெற்கே இருந்த மற்றொரு குடியிருப்புக்கு மாறின. 2022-இல் பெல்லிங்சாசன் கடல் பகுதியில் அறியப்பட்ட ஐந்து குடியிருப்புகளில் நான்கில், குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும்முன் பனி உடைந்துபோனது. அந்த நான்கிலும் அவ்வாண்டு ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை என்றே ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தனர்.

ஆளில்லாத அந்த இடங்களில் இதை எப்படி அறிந்தனர்? செயற்கைக்கோள் படங்களிலிருந்துதான். வெண்பனியில் பென்குயின்களின் எச்சம் பழுப்புநிறக் கறையாகத் தெரியும். அந்தக் கறையை வைத்தே குடியிருப்புகளைக் கண்டுபிடிக்கிறார்கள். 2024-இன் தொடக்கத்தில் அறியப்பட்ட குடியிருப்புகள் 66. 2012-இல் வெளியான செயற்கைக்கோள் கணக்கெடுப்பு, சுமார் 2,38,000 இணைகள் இருப்பதாக மதிப்பிட்டது. 2022-இல் அமெரிக்கா இப்பறவையைத் தன் அருகிவரும் உயிரினச் சட்டத்தின்கீழ் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது.

பேரரசப் பென்குயினை அங்கே வேட்டையாடுபவர் இல்லை. அதன் நிலத்தை உழுபவரும் இல்லை. அண்டார்டிக ஒப்பந்தத்தின் 1991-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் நெறிமுறைப்படி, இசைவின்றி அங்குள்ள பறவைகளுக்குத் தீங்கு செய்வது தடைசெய்யப்பட்டுள்ளது. ஆனால், வெகுதொலைவில் எரிக்கப்படும் நிலக்கரியும் எண்ணெயும் காற்றையும் கடலையும் சூடாக்கும்போது, எந்த வேலியும் அதைத் தடுக்காது. கடுங்குளிரைத் தாங்க இப்பறவையிடம் எல்லாம் இருக்கிறது. குளிர் குறைந்து பனி உடைவதைத் தாங்க எதுவும் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த தகவமைப்பு, சில பத்தாண்டுகளில் நிகழும் மாற்றத்துக்கு ஈடுகொடுக்க இயலாது.

சில தவறான எண்ணங்கள்

பனிக்கரடி பென்குயினைத் தின்னும் என்பது தவறு. பனிக்கரடி வடதுருவப் பகுதியிலும் பென்குயின் தென் அரைக்கோளத்திலும் வாழ்கின்றன. சிறுவர் படங்களில் இரண்டையும் ஒன்றாக வரைவதால் இந்தக் குழப்பம் ஏற்படுகிறது.

எல்லாப் பென்குயின்களும் குளிரில் வாழ்பவை என்பதும் தவறு. ஆப்பிரிக்கப் பென்குயின், கலாபகசுப் பென்குயின் போன்றவற்றுக்கு வெப்பமே சிக்கல். அவற்றின் முகத்தில் இறகற்ற தோல் பகுதி உண்டு. அதன் வழியாக மிகை வெப்பத்தை வெளியேற்றுகின்றன. ஆப்பிரிக்கப் பென்குயின் 2024-இல் மிக அருகிய இனமாக வகைப்படுத்தப்பட்டது.

பென்குயின் பாலூட்டி என்று சிலர் எண்ணுவதும் தவறு. இறகு, அலகு, முட்டை மூன்றும் அதைப் பறவை என்று காட்டுகின்றன. தந்தைப் பறவை ஊட்டும் நீர்மம் பால்போன்றது மட்டுமே. பாலூட்டிகளின் பாலைப்போல அது பால்சுரப்பியிலிருந்து வருவதில்லை.